கோபுரம் இல்லாத ஓடுபாதையில் பதில் சொன்னது யார்?

விமான நிலையம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது உயரமான ஒரு கண்ணாடிக் கோபுரம்தான். அங்கிருந்து ஒருவர் "நீ இறங்கு, நீ நில்" என்று சொல்ல, விமானங்கள் அதன்படி நடக்கும். ஆனால் எல்லா விமான நிலையங்களிலும் இந்தக் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருப்பதில்லை. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கும் விமான நிலையங்கள் சுமார் 5,000. அவற்றில் கோபுரம் உள்ளவை 500-க்குச் சற்று மேல்தான். அப்படியானால் மற்ற இடங்களில்?

விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியதுதான்! அந்த நிலையத்துக்கென்று ஒரு பொது ரேடியோ அலைவரிசை உண்டு. "நான் இன்ன விமானம், இத்தனை மைல் தூரத்தில் வருகிறேன், இந்த ஓடுபாதையில் இறங்கப் போகிறேன்" என்று ஒவ்வொருவரும் அதில் அறிவிப்பார்கள். மற்றவர்கள் கேட்டு வழிவிடுவார்கள். சிக்னல் இல்லாத நாற்சந்தியில் ஹார்ன் அடித்துக்கொண்டு கடப்பது போன்ற ஏற்பாடு இது. பெரும்பாலான நாட்களில் நன்றாகவே நடக்கிறது. ஆனால் தவறும் நாளில் என்ன ஆகும் என்பதற்கு குவின்சி ஒரு பாடம்.

இல்லினாய் மாநிலத்தில் உள்ள சிறிய நகரம் குவின்சி. அதன் விமான நிலையத்தில் கோபுரம் இல்லை. 1996 நவம்பர் 19, மாலை 5 மணி தாண்டி இருட்டத் தொடங்கிய நேரம். யுனைடெட் எக்ஸ்பிரஸ் பெயரில் பறந்த பீச்கிராஃப்ட் 1900 விமானம் 10 பயணிகள், 2 விமானிகளுடன் 13-ஆம் எண் ஓடுபாதையில் இறங்க வந்துகொண்டிருந்தது. அதைக் குறுக்கே வெட்டும் 4-ஆம் எண் ஓடுபாதையில் கிங் ஏர் என்ற விமானம் கிளம்பத் தயாராக நின்றது. அதற்குப் பின்னால் செரோக்கி என்ற சிறு விமானம் தன் முறைக்காகக் காத்திருந்தது.

இறங்கி வந்த விமானிகள் தங்கள் கடமையைச் சரியாகவே செய்தார்கள். வருவதை அறிவித்தார்கள். 4-ஆம் ஓடுபாதையில் இருக்கும் விமானம் கிளம்பப் போகிறதா, நிற்கப் போகிறதா என்றும் கேட்டார்கள். பதில் வந்தது. ஆனால் பதில் சொன்னது கிங் ஏர் அல்ல, பின்னால் நின்ற செரோக்கி! அவர் தான் காத்திருப்பதைச் சொன்னார். அதே நொடியில் இறங்கும் விமானத்தின் எச்சரிக்கைக் கருவி உயரத்தை உரக்கச் சொல்ல, பதிலின் கடைசிப் பகுதி அந்தச் சத்தத்தில் கரைந்துபோனது. கிங் ஏர்தான் பதில் சொன்னது, அது நமக்காக நிற்கிறது என்று நம்பிய விமானிகள் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். யாரும் அவர்களைத் திருத்தவில்லை. கிங் ஏர் ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடத்தில் மோதல்.

வகுப்பில் ஆசிரியர் வருகைப்பதிவு எடுக்கும்போது ஒருவர் பெயருக்கு இன்னொருவர் "உள்ளேன் ஐயா" சொன்னால் ஏட்டில் ஒரு தவறான குறிதான் விழும். ஓடுபாதையில் அதே குழப்பம் 14 உயிர்களைக் கொண்டுபோனது. செரோக்கி விமானிக்கு ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை என்பதுதான் இதில் வேதனை.

அதைவிடப் பெரிய வேதனை, அந்த மோதலை மட்டும் பார்த்தால் பயணிகள் பிழைத்திருக்கலாம். விமானத்தின் கதவு திறக்கவில்லை. ஓடிவந்தவர்கள் முயன்றும் முடியவில்லை. புகையும் தீயும்தான் உயிர்களைப் பறித்தன. அந்த வேளையில் நிலையத்தில் தீயணைப்பு வீரர்கள் பணியில் இல்லை. அவ்வளவு சிறிய பயணிகள் விமானத்துக்கு அவர்கள் இருந்தாக வேண்டும் என்று அன்றைய விதி சொல்லவும் இல்லை!

விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கிங் ஏரில் இருந்தவர்கள் ரேடியோவைச் சரியாகக் கவனிக்காததும் சுற்றிலும் பார்க்காததுமே முதன்மைக் காரணம் என்றது. அது சரியான முடிவே. ஆனால் ஒருவர் கவனிக்கத் தவறினால் அதைப் பிடிக்க இன்னொரு கை வேண்டாமா? கோபுரம் இருந்தால் அது அந்தக் கை. இல்லாத இடத்தில் விதிதான் அந்தக் கையாக இருக்க வேண்டும்.

அமெரிக்க விதி என்ன சொல்கிறது? கோபுரம் இல்லாத நிலையத்தில் ரேடியோவில் பேசுவது பரிந்துரை மட்டுமே, பொதுவான கட்டாயம் அல்ல. மின்வசதியே இல்லாத பழைய விமானங்கள் உண்டு, அவற்றை ஓட்டுபவர்களின் சுதந்திரத்தில் கை வைக்கக் கூடாது என்பது ஒரு வாதம். மறுக்க முடியாத வாதம் போலத் தோன்றும். ஆனால் கையில் பிடித்துப் பேசும் விமான ரேடியோவின் விலை சில நூறு டாலர்கள்தான். கனடாவில் "கட்டாய அலைவரிசை" என்றே சில நிலையங்களுக்கு விதி இருக்கிறது. அங்கே பொதுவாகப் பேசாமல் இறங்க முடியாது.

எல்லா ஊரிலும் கோபுரம் கட்டு என்று கேட்பது நடக்காத காரியம். நாளுக்குச் சில விமானங்களே வரும் இடத்தில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஆனால் டிக்கெட் விற்றுப் பயணிகளை ஏற்றும் விமானம் வந்துபோகும் ஒவ்வொரு நிலையத்திலும் ரேடியோவைக் கட்டாயமாக்கலாமே! இறங்கும் ஊரில் கோபுரம் இருக்கிறதா என்று எந்தப் பயணியும் கேட்டு டிக்கெட் வாங்குவதில்லை. குவின்சிக்குப் பிறகு 2004-இல் விதி திருத்தப்பட்டு, 10 முதல் 30 இருக்கைகள் கொண்ட விமானங்கள் கால அட்டவணைப்படி வந்துபோகும் நிலையங்களும் பாதுகாப்புச் சான்றிதழ் பெற வேண்டும் என்றானது. மாற்ற மனம் இருந்தால் மாற்றலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

இருந்தாலும் ரேடியோ மட்டும் போதாது. குவின்சியில் ரேடியோ இருந்தது. 2022 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் வாட்சன்வில் நிலையத்தில் இறங்க வந்த இரு விமானங்கள் மோதி 3 பேர் இறந்தபோதும் இரண்டு விமானிகளும் ரேடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே விதியோடு ஒரு பழக்கமும் வேண்டும். கேள்வி யாருக்கோ அவர் மட்டுமே, தன் விமானத்தின் பெயரைச் சொல்லிப் பதில் தர வேண்டும். பதில் வரவில்லை என்றாலோ, பாதி கேட்கவில்லை என்றாலோ, யார் பேசியது என்று சந்தேகம் வந்தாலோ, பதிலே வரவில்லை என்று கொண்டு மீண்டும் மேலே ஏறிவிட வேண்டும். தவறாகப் புரிந்துகொண்ட ஒருவரின் குரல் காதில் விழுந்தால், அதைக் கேட்ட எல்லோரும் உடனே திருத்த வேண்டும்.

மௌனம் சம்மதம் என்பது கல்யாண வீட்டுக்குச் சரி. ஓடுபாதையில் மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும்: இறங்காதே!