பாயில் எட்டு மணி. தூக்கம் ஐந்தரை மணி!

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்பது பழமொழி.

பசித்தவனுக்குப் பழைய சோறும் அமிர்தம். களைத்தவனுக்குக் கட்டாந்தரையும் பஞ்சு மெத்தை. காலம் காலமாக இப்படித்தான் சொல்லி வருகிறார்கள்.

பங்களாவில் இருப்பவர் மெத்தையில் புரண்டு புரண்டு படுப்பாராம். மூட்டை தூக்குகிறவர் தலையைச் சாய்த்த உடனே குறட்டை விடுவாராம். சினிமாவிலும் இப்படியே காட்டுகிறார்கள்.

இது உண்மைதானா? அளந்து பார்த்தவர்கள், "இல்லை" என்கிறார்கள். அளந்து பார்த்த இடம் வெகு தூரத்தில் இல்லை. நம் சென்னைதான்!

கையில் ஒரு கருவி

கௌதம் ராவ், பிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோபீல்டு முதலிய ஐந்து பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து இந்த ஆராய்ச்சியை நடத்தினார்கள். முடிவுகள் 2021ஆம் ஆண்டில் வெளிவந்தன.

சென்னையில் குறைந்த வருமானத்தில் வாழும் 452 பேரை அவர்கள் வேலைக்கு அமர்த்தினார்கள். கம்ப்யூட்டரில் விவரங்களைப் பார்த்துப் பதிவு செய்யும் வேலை. அதிகமாகவும் பிழை இல்லாமலும் பதிந்தால் அதிகச் சம்பளம்.

வேலை செய்தவர்கள் கையில் கடிகாரம் போன்ற ஒரு சிறு கருவியைக் கட்டிக்கொண்டார்கள். உடம்பின் அசைவை வைத்து, ஒருவர் எப்போது தூங்கினார், எப்போது விழித்தார் என்று அது கணக்கு எடுக்கும்.

கருவி சொன்ன கணக்கு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. அவர்கள் இரவில் படுத்திருந்த நேரம் சராசரி 8 மணி. உண்மையாகத் தூங்கிய நேரமோ 5½ மணிதான்!

மீதி இரண்டரை மணி நேரம் எங்கே போயிற்று? புரள்வதில் போயிற்று, விழிப்பதில் போயிற்று. தூக்கம் துண்டு துண்டாக அறுந்திருந்தது. தூக்கமின்மை என்னும் நோய்க்கு வைத்தியம் பார்க்கும் நோயாளிகளின் தூக்கம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

காரணத்தை ஊகிப்பது கஷ்டமா? ஒரே அறையில் ஐந்தாறு பேர். காற்று வராத வீடு. கொசுக்கடி. தெருவிளக்கின் வெளிச்சம். லாரிச் சத்தம். போதாக்குறைக்கு, நாளைய செலவைப் பற்றிய கவலை. களைத்தவர் கண்ணை மூடலாம். கொசு வாயை மூடுமா?

மெத்தை கொடுத்துப் பார்த்தார்கள்

கோளாறைக் கண்டதோடு ஆராய்ச்சியாளர்கள் நின்றுவிடவில்லை. பரிகாரத்தையும் தேடினார்கள்.

சீட்டுக் குலுக்குவதுபோல் ஆட்களைப் பல பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவாருக்கு இரவுத் தூக்கத்துக்கு வசதி செய்தார்கள். மெத்தை, மின்விசிறி, கண்ணை மறைக்கும் துணி, காதில் வைக்கும் அடைப்பான் எல்லாம் கொடுத்தார்கள். "சீக்கிரம் படுங்கள்" என்று யோசனையும் சொன்னார்கள். மூன்று வாரம் இப்படி நடந்தது.

பலன்? இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் பகல் வேலையில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. வேகம் கூடவில்லை. புத்திக் கூர்மை கூடவில்லை. மனத்தில் உற்சாகமும் கூடவில்லை!

நிபுணர்கள் எதிர்பார்த்ததற்கு இது நேர் மாறாக இருந்தது. வீட்டின் சூழ்நிலை மாறாததால், கூடிய தூக்கமும் அறுந்த தூக்கமாகவே இருந்திருக்கலாம். கிழிந்த துணியில் இன்னும் ஒரு முழம் சேர்ந்தால் குளிர் தீருமா?

அரை மணியின் மகிமை

இன்னொரு பிரிவாருக்கு வேலை செய்யும் இடத்திலேயே வசதி செய்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, பிற்பகலில் அரை மணி நேரம். சத்தம் இல்லாத இடம். படுக்க ஒரு படுக்கை. அவ்வளவுதான்.

இங்கே பலன் தெரிந்தது. வேலை செய்த நேரத்தில் வேகம் கூடியது. கவனம் கூடியது. மனமும் தெளிவாக இருந்தது. மலை போன்ற மாறுதல் என்று சொல்ல முடியாது, சிறிய மாறுதல்தான். ஆனால் அது கணக்கில் காணும்படி இருந்தது. மெத்தையாலும் மின்விசிறியாலும் இரவில் கிடைக்காத நன்மை, பகலில் அரை மணி ஓய்வில் கிடைத்தது!

யார் தலையில் செலவு?

இதைக் கேட்டதும் ஒரு முதலாளி என்ன கேட்பார்? "அரை மணி தூங்கினால் அரை மணி வேலை போகுமே!" என்பார்.

நியாயமான கேள்விதான். ஆராய்ச்சியாளர்களும் இதைக் கணக்குப் போட்டார்கள். அந்த அரை மணியிலும் ஓயாமல் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால், தூங்கியவர்களின் மொத்த சம்பாத்தியம் குறைவுதான். கூடிய வேகம் அந்த அரை மணியை முழுவதும் ஈடு செய்யவில்லை.

ஆனால் அந்த அரை மணியைத் தூங்காமல் சும்மா ஓய்வாகக் கழித்தவர்களும் இருந்தார்கள். அவர்களைவிடத் தூங்கியவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள்!

இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. பகல் சாப்பாட்டு இடைவேளை என்பது புதிதாகக் கொடுக்க வேண்டிய சலுகை அல்ல. 5 மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. 150 பேருக்குமேல் வேலை செய்யும் ஆலையில் ஓய்வு அறை வேண்டும் என்றும் அது சொன்னது.

ஆகவே, பல இடங்களில் நேரம் ஏற்கெனவே இருக்கிறது. படுக்க இடம்தான் இல்லை.

தையல் கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்திருக்கிறாள். தண்ணீர் பிடிக்கிறாள். சமைக்கிறாள். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்கு வருகிறாள். பகலில் டிபன் டப்பாவை மூடியதும் அவளுக்குக் கண்ணைச் சுழற்றுகிறது. மெஷின் மேலேயே தலையைச் சாய்க்கிறாள். "என்ன, தூக்கமா?" என்று அதட்டல் கேட்கிறது. திருடியவள்போல் திடுக்கிட்டு எழுகிறாள்.

அவள் திருடியது என்ன? தனக்கு உரிய இடைவேளையைத்தானே!

வெட்டிச் செலவு அல்ல

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தால் போதும். சில பாய்கள், ஒரு மின்விசிறி, வெளிச்சத்தை மறைக்க ஒரு திரை. பெண்களுக்குத் தனி இடம். அரை மணி ஆனதும் எழுப்ப ஒரு மணி. தூங்க விருப்பம் இல்லாதவர்கள் பேசிக்கொண்டு இருக்கட்டும், கட்டாயம் வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், இடைவேளை இல்லாமல் உழைக்கிறார். அவரைப் "போய்ப் படு" என்றால், போவது அவருடைய காசு. அவருக்கு முதலில் வேண்டியது, கூலி குறையாத இடைவேளை. அதைக் கொடுக்காமல் பாயை மட்டும் விரித்தால், அந்தப் பாயில் யார் படுப்பார்?

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிலர் சிரிக்கலாம். கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று கேட்டபோதும் சிரித்தவர்கள் உண்டு. வாடிக்கைக்காரர் முன்னால் உட்காருவதாவது! என்றார்கள். கேரளம் 2018இல் அதற்குச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்தது. ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் நாள் முழுவதும் நின்று கால் வீங்கிய பெண்களுக்கு, "உட்கார உரிமை உண்டு" என்று சட்டம் சொல்லிவிட்டது. எந்தக் கடையும் அதனால் மூடிப்போகவில்லை.

வீட்டிலும் பார்க்கலாம்

இது முதலாளிகளுக்கு மட்டும் சொல்லும் செய்தி அல்ல. பகலில் அம்மா சற்றுக் கண் அசந்தால், "வேலை இல்லையா?" என்று கேட்கும் வீடுகள் இருக்கின்றன. இராப் பாறா முடித்து வந்த அப்பா தூங்கும்போது, ரேடியோவையும் டெலிவிஷனையும் அலற விடும் வீடுகளும் இருக்கின்றன. அந்தச் சத்தத்தைக் குறைக்கக் காசு எதுவும் செலவாகாது.

ஏழையின் கஷ்டத்தில் கூலியும் விலைவாசியும் கண்ணுக்குத் தெரிகின்றன. தூக்கம் தெரிவதில்லை. இருட்டில் நடப்பதை யார் பார்த்தார்கள்? சென்னையில் அளந்தவர்கள் அதைப் பார்த்து, எழுதி வைத்துவிட்டார்கள். இனி, "தெரியாது" என்று சொல்ல இடம் இல்லை.

காற்றோட்டமான வீடும் கொசு இல்லாத தெருவும் எல்லோருக்கும் கிடைக்க நாள் ஆகலாம். அதற்காகப் பாடுபடத்தான் வேண்டும். ஆனால், நாளைப் பகலில் ஒரு பாயை விரிக்க நாள் பார்க்க வேண்டியது இல்லை.

நித்திரை சுகம் அறியாது என்று சொன்னவர், அன்று நன்றாகத் தூங்கி எழுந்தவராக இருக்க வேண்டும்!