நீர் ஓடும் குழாயும் பற்றவைப்பும்

2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் திருவனந்தபுரம் நகர மக்கள் நாட்கணக்கில் குடிநீரின்றித் தவித்தனர். நாகர்கோவில் இருப்புப்பாதையை இரட்டைப் பாதையாக்கும் பணிக்காக, 500, 700 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெருங்குழாய்களை இடம் மாற்ற வேண்டியிருந்தது. அடைத்த நீரைக் குறித்த காலத்தில் திறக்க இயலவில்லை. 44 வார்டுகள் பாதிக்கப்பட்டன. 9ஆம் தேதி பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. நீரை நிறுத்தாமலே குழாயில் இணைப்பு வேலை செய்ய முடியாதா என்ற கேள்வி எழுவது இயல்பே.

பல இடங்களில் முடியும். ஆனால், "பற்றவைத்துவிட்டால் போயிற்று" என்று எளிதாகக் கூறுவோர் நீரின் குணத்தை மறந்துவிடுகின்றனர். மின்வில் எஃகை உருக்கும் அதே கணத்தில், சுவருக்கு அப்பால் ஓடும் நீர் வெப்பத்தை வாரிக்கொண்டு போகிறது. உருகிய இடத்தை அடுத்த பகுதி மிக விரைவில் குளிர்ந்து, கடினமாகி, நொறுங்கும் தன்மையை அடைகிறது. ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜனும் அவ்விடத்தில் புகுந்தால், வேலை முடிந்து பல மணி நேரம் சென்ற பின்னரும் விரிசல் காணலாம். வகுப்பில் இதனை விளக்க இரண்டு தையலூசிகள் போதும். இரண்டையும் சிவக்கக் காய்ச்சி, ஒன்றை மெல்ல ஆறவிட்டு, மற்றதை உடனே நீரில் அமிழ்த்த வேண்டும். முன்னது வளையும்; பின்னது ஒடியும். (துண்டு தெறிக்குமாதலின் துணியால் சுற்றி ஒடிப்பது நன்று.)

வார்ப்பிரும்பின் நிலை வேறு. கரமனையாற்றின் அருவிக்கரையிலிருந்து நகருக்கு நீர் வழங்கும் நிலையம் 1933இல் வில்லிங்டன் பிரபுவின் பெயரால் திறக்கப்பட்டது. நாளடைவில் அப்பெயர் வெலிங்டன் என மாறி வழங்கலாயிற்று. அக்காலத்து நகரக் குழாய்களில் வார்ப்பிரும்பே பெருவழக்கு. நூற்றுக்குச் சுமார் 3 பங்கு கரி கலந்த அவ்வுலோகம் திடீர் வெப்பத்தில் வெடிக்கும் இயல்புடையது. நீர் நிறைந்திருக்கையில் அதன்மீது மின்வில்லை வைப்பது அறியாமையே. அதற்கு நெருப்பு வேண்டுவதும் இல்லை. இரப்பர்ப் பட்டையுடன் கூடிய கவ்வியைக் குழாயில் இறுக்கி, அதன்மேல் வால்வைப் பொருத்தி, வால்வின் வழியாகவே துளையிட்டுக் கருவியைப் பின்னிழுத்து மூடிவிடலாம்.

எஃகுக் குழாயில் பற்றவைப்பு தகும். ஆயினும் சுவரின் கனத்தை ஒலியலைக் கருவியால் அளந்து, துருத் தின்ற இடத்தை விலக்கி, ஹைட்ரஜன் குறைந்த மின்முனைகளை நன்கு உலர்த்திய பின்பே தொடங்க வேண்டும். இருபுறமும் அடைபட்டு நீர் தேங்கி நிற்கும் துண்டைக் காய்ச்சுவதோ எல்லாவற்றிலும் கொடியது. ஆவி வெளியேற வழியின்றிக் குழாயே வெடிக்கக்கூடும்.

நீரை நிறுத்துவதே பாதுகாப்பு என்பாரும் உளர். அழுத்தம் இறங்கிய குழாயின் கசிவுகள் வழியே மண்ணிலுள்ள அழுக்குநீர் உட்புகும் என்பதை அவர்கள் கருதுவதில்லை. நிறுத்துவதா, ஓடவிட்டே இணைப்பதா என்பதைத் தீர்மானிக்கப் புதைந்திருக்கும் குழாய் எவ்வுலோகம் என்பது முதலில் தெரிய வேண்டும். பல ஊர்களில் அது தெரிவது பள்ளம் தோண்டிய பிறகுதான். அப்படித் தோண்டும் ஒவ்வொரு முறையும் உலோகம், விட்டம், சுவரின் கனம் ஆகியவற்றைக் களப்பணியாளர் அங்கேயே பதிவேட்டில் குறித்துவைக்கலாம். பள்ளம் மூடப்படுமுன் கால் மணி நேரம் இதற்குப் போதும்.