புகையிலை ஊரின் பழைய சுவர்கள்



அமெரிக்காவின் தென்பகுதி மாநிலங்களில் ஒன்று வட கரோலினா. அங்கே டர்ஹாம் என்னும் ஊர் புகையிலையாலேயே வளர்ந்தது. புகையிலை உடம்புக்குக் கேடு என்பதை நாம் அறிவோம். இம்முறை அவ்வூரில் இன்றும் நிற்கும் சில கட்டடங்களைப் பார்ப்போம். ஒரு பயிர் யார் யாருக்கு என்ன கொடுத்தது என்பதை அவை சொல்லும்.

முதலாவது, 1852இல் வாஷிங்டன் டியூக் என்ற குடியானவர் கட்டிய மரவீடு. உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் திரும்பிய அவர், பிள்ளைகளோடு சேர்ந்து புகையிலையைக் கையால் தூளாக்கி, பையில் கட்டி, வண்டியில் கொண்டுபோய் விற்றார். 1884இல் அக்குடும்பம் சிகரெட் சுற்றும் இயந்திரத்தை இறக்கியது. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 120,000 சிகரெட்டுகள் சுற்றியது. 1890இல் மகன் ஜேம்ஸ் டியூக்கின் தலைமையில் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி உருவாயிற்று. வியாபாரம் முழுவதையும் தன் பிடிக்குள் வைத்திருந்ததால், 1911இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதைப் பிரித்துவிட்டது. 1924இல் ஜேம்ஸ் டியூக் கொடுத்த பெருங்கொடையால் அவ்வூர்க் கல்லூரி ஒன்று டியூக் பல்கலைக்கழகம் ஆனது.

அடுத்தது, கிடங்குகள். நாம் ரப்பர் ஷீட்டைப் புகைக்குள் காய வைப்பது போல, அங்கே இலையைச் சூட்டில் பதப்படுத்துவார்கள். பிறகு பெரிய மரப்பீப்பாய்களில் அழுத்தி, பக்குவப்படும் வரை செங்கல் கிடங்குகளில் அடுக்கி வைப்பார்கள். 1904இல் கட்டிய இரண்டு கிடங்குகள் 1981 முதல் கடைத்தெருவாக இருக்கின்றன. 1987இல் மூடப்பட்ட சிகரெட் தொழிற்சாலை, 2004இல் அலுவலகங்களும் உணவகங்களுமாகத் திறந்தது. அந்நாளில் தூசுக்குள் நின்று இலையின் நரம்பைக் கிழித்தெடுத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். இயந்திர வேலை வெள்ளையருக்கே என்றிருந்தது.

இப்போது உழைத்தவர்களின் வீடுகளுக்கு வருவோம். ஊருக்கு வடக்கே ஸ்டாக்வில் என்ற பழைய தோட்டம் இருக்கிறது. 1860 வாக்கில் அதன் முதலாளி குடும்பத்திடம் ஏறத்தாழ 30,000 ஏக்கர் நிலமும் 900 அடிமைகளும் இருந்தனர். 1851 வாக்கில் அடிமைகளுக்காகக் கட்டிய இரண்டு மாடி மரவீடுகள் சில இன்னும் நிற்கின்றன. வீட்டுக்கு நான்கு அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். புகைபோக்கிச் செங்கற்களில், பச்சை மண்ணாக இருந்தபோது பதிந்த விரல் தடங்கள் இன்றும் தெரிகின்றன. செய்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

ஊருக்குள் இன்னொரு வீடு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்குப் பாடம் சொல்லித் தர வந்த ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஆசிரியர் 1898இல் கட்டியது. அவருடைய பேத்தி பாலி மர்ரி, ஆசிரியையான பெரியம்மாவின் பராமரிப்பில் அங்கே வளர்ந்தார். பின்னாளில் வழக்கறிஞராகிச் சம உரிமைக்காகப் போராடிய அவர், 1956இல் தம் குடும்பத்தின் வரலாற்றை நூலாக எழுதினார். 2016இல் அவ்வீடு தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது.

எல்லாம் இப்படித் தப்பவில்லை. கறுப்பின மக்கள் சொந்தக் கடை, கோவில், பள்ளி என்று கட்டி வளர்த்த ஹேட்டி என்ற பகுதியின் பெரும்பகுதியை, 1960களிலும் 70களிலும் நகரச் சீரமைப்பு என்றும் நெடுஞ்சாலை என்றும் சொல்லி இடித்துவிட்டார்கள். 1891இல் எழுந்த ஒரு தேவாலயக் கட்டடம் மட்டும் இன்று பண்பாட்டு மண்டபமாக அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

துரை பங்களாவுக்குப் படமும் பத்திரமும் இருக்கும். லயத்து வீட்டுக்கு யார் வைத்திருக்கிறார்கள்? நம் தோட்டங்கள் பலவும் விற்கப்பட்டு, லயங்கள் இடிந்து, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெற்றோர்களே, இந்த விடுமுறையில் பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தாத்தா பாட்டி குடியிருந்த தோட்டத்தின் பெயர், டிவிஷன், வீட்டு எண், அண்டை வீட்டார், பள்ளிக்கூடத்தில் முதலில் பாடம் சொன்ன வாத்தியார், கோவில் கட்டிய ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பழைய படம் இருந்தால் பின்பக்கத்தில் பெயர்களைக் குறித்து வையுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.