சலுகையை நம்பியா, சரக்கை நம்பியா?

வெளிநாட்டுச் சந்தையை இலக்காகக் கொண்டு தொழில் தொடங்க விரும்பும் நம் இளம் வர்த்தகர்கள் பலர் முதலில் கேட்பது, "எந்த நாட்டுக்குத் தீர்வைச் சலுகை இருக்கிறது?" என்பதுதான். கேட்பதில் தவறில்லை. ஆனால் அதையே அத்திவாரமாக்கி முதலைப் போடுவது ஆபத்தானது.

இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அப்போது பாம் எண்ணெய்க்கான இறக்குமதித் தீர்வை இந்தியாவில் மிக அதிகம், இங்கோ குறைவு. இந்த இடைவெளியைக் கண்ட முதலீட்டாளர்கள் இங்கே தொழிற்சாலைகளை அமைத்தார்கள். பாம் எண்ணெயைத் தருவித்து, வனஸ்பதியாக்கி, தீர்வையின்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்திய உற்பத்தியாளர்கள் இதை எதிர்த்தனர். 2006இல் ஆண்டுக்கு 250,000 தொன் என்ற உச்சவரம்பு வந்தது. 2008இல் சுத்திகரிக்கப்படாத பாம் எண்ணெய்க்கான தீர்வையையே இந்தியா நீக்கிவிட்டது. இடைவெளி மறைந்ததும் அந்தத் தொழிலும் சரிந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையும் இப்படித்தான். 2005இல் கிடைத்தது, 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது, 2017 மேயில் மீண்டும் கிடைத்தது. மூன்று முடிவுகளும் பிரஸல்ஸில் எடுக்கப்பட்டவை. அவற்றில் எதுவும் நமது ஏற்றுமதியாளரின் கையில் இருக்கவில்லை.

மறுபக்கம் நமது கறுவாவைப் பாருங்கள். உலகச் சந்தையில் கசியாப் பட்டை அதைவிட மலிவு. ஆயினும் கசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். கல்லீரலுக்குத் தீங்கு தரலாம் என்பதால் ஐரோப்பாவில் அதற்கு வரம்பு உண்டு. இலங்கைக் கறுவாவில் அது மிகக் குறைவு. 2022 பெப்ரவரியில் 'சிலோன் கறுவா' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் வழங்கியது. இந்தச் சிறப்பு சரக்கிலேயே இருக்கிறது. தீர்வை மாறினாலும் அது மாறாது. அப்படியிருந்தும் பெரும்பகுதியை நாம் பெயரில்லாத பொதியாகவே அனுப்புகிறோம். பக்கற்றில் அடைத்துப் பெயரிட்டு விற்கும் இலாபம் வெளிநாட்டவருக்குப் போகிறது.

எனவே புதிதாகத் தொடங்குவோர் இரண்டு கணக்குப் போடட்டும். ஒன்று, சலுகையுடன். மற்றது, முழுத் தீர்வையையும் செலுத்துவதாக வைத்து. இரண்டாவது கணக்கிலும் நமது சரக்கைத் தேடி வாங்க ஆள் இருந்தால் துணிந்து இறங்கலாம். இல்லையேல் அங்கே விற்கப்படுவது நமது சரக்கல்ல, இன்னொரு நாட்டின் தீர்வை அட்டவணை. அதை அவர்கள் எந்த நேரமும் திருத்தலாம்.

சலுகை கிடைத்தால் இலாபத்தில் சேரட்டும். முதலுக்குக் காவல் சரக்கின் தரம்தான்.