இன்னார் பிள்ளை என்றால் போதுமா? ஜெர்மனியில் ஒரு வங்கிக் கணக்கு

சொந்த ஊரில் வங்கிக் கணக்கு திறப்பது பெரிய விஷயமே இல்லை. மேனேஜருக்கு அப்பாவைத் தெரியும். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தாலும், “நம்ம வாத்தியார் பையன்தானே” என்று தாளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். படிப்பதற்காக ஜெர்மனி போகும் பிள்ளைக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே அவரை யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், அரசு அலுவலகத்தில் பதிந்த விலாசம், பணம் வந்த வழி. இந்த மூன்றும்தான் அவருக்காகப் பேச வேண்டும். ஒன்று பிசகினாலும் விசா தள்ளிப்போகும். அல்லது போய் இறங்கிய ஊரில் சொந்தப் பணத்தையே எடுக்க முடியாமல் நிற்க வேண்டிவரும்.

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது இந்தியர்கள்தான் முதலிடம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது முக்கியக் காரணம். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. வேறு சில பல்கலைக்கழகங்களும் வாங்கத் தொடங்கியிருக்கின்றன. கட்டணம் இல்லையென்றாலும், ஒரு வருடம் சாப்பிட்டுத் தங்கப் பணம் இருக்கிறது என்பதை விசாவுக்கு முன்பே காட்டியாக வேண்டும். உதவித்தொகை வைத்தோ, ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் முறைப்படி தரும் பொறுப்புறுதி வைத்தோ காட்டலாம். இரண்டும் இல்லாத பெரும்பாலான பிள்ளைகளுக்கு இருக்கும் வழி, பிளாக்டு அக்கவுன்ட். ஜெர்மன் மொழியில் ஷ்பெர்கொன்டோ.

அந்த நாட்டில் காலே வைக்காத ஒருவர் அங்கே திறக்கும் கணக்கு இது. அதனால்தான் இத்தனை கேள்விகள்.

இது கட்டணம் அல்ல

2024 செப்டம்பர் முதல் இந்தக் கணக்கில் இருக்க வேண்டிய தொகை, ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ. அதாவது மாதம் 992 யூரோ. இந்தத் தொகை அவ்வப்போது உயரும். விண்ணப்பிக்கும் நேரத்தில் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 12 லட்சம். பல வீடுகளில் இது நகையை அடகு வைத்தோ, கல்விக் கடன் வாங்கியோ சேர்க்கும் பணம். இதைத் தூதரகத்துக்குக் கட்டும் கட்டணம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முழுக்க முழுக்க அது பிள்ளையின் பெயரில் இருக்கும் பணம். மொத்தமாக எடுக்க முடியாது. மாதம் 992 யூரோவாக அவர் கைக்கே வரும். விசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். கணக்கு திறந்து நடத்தித் தரும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம்தான் உண்மையான செலவு.

பணம் உண்மையில் எந்த வங்கியில் வைக்கப்படுகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வங்கியில் ஒருவர் வைத்திருக்கும் பணத்துக்கு 1 லட்சம் யூரோ வரை சட்டப்படி காப்புறுதி உண்டு.

அப்பா பெயர் எங்கே போகும்?

நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது பெயரில். நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக நிற்கும். ஜெர்மன் படிவமோ தன் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களோடு வரும். மு. கார்த்திக் என்ற மாணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக முருகேசன் என்று இருந்தால், அங்கே எல்லாக் கடிதங்களும் திருவாளர் முருகேசனுக்குத்தான் வரும். வீட்டு வாசலில் தபால் பெட்டியில் கார்த்திக் என்று மட்டும் எழுதி ஒட்டினால், வங்கி அட்டை வந்த வழியே திரும்பிப் போகலாம்.

சிலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையில் விரிவாக என்று ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருக்கும். இங்கே யாரும் கண்டுகொள்ளாத வித்தியாசம், அங்கே இரண்டு வெவ்வேறு ஆட்களாகத் தெரியும். ஐரோப்பாவின் யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் முதல், பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று வங்கியே சரிபார்த்துச் சொல்கிறது.

இதற்கு வழி ஒன்றுதான். பல்கலைக்கழக விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். திருத்தம் தேவையென்றால் அப்போதே செய்துவிட வேண்டும். அதன் பிறகு எந்தப் படிவமானாலும், பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்துகூட மாறாமல் நிரப்ப வேண்டும்.

நாலு யூரோ குறைந்தாலும் சிக்கல்

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ரிசர்வ் வங்கியின் திட்டப்படி ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். பான் எண்ணும், வங்கி தரும் ஏ2 படிவமும் தேவை. ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி டி.சி.எஸ். வரி பிடிக்கும். 2025 ஏப்ரல் முதல் இந்த வரம்பு நடைமுறையில் இருக்கிறது. வங்கியில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் இந்தப் பிடித்தம் இல்லை. பிடித்த வரி வீணாகாது. அனுப்பியவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து சரிக்கட்டிக்கொள்ளலாம். எந்த நோக்கத்துக்கு அனுப்புவதாகப் படிவத்தில் எழுதுகிறோமோ அதற்கேற்ப வரி விகிதம் மாறும். ‘படிப்புக்காக’ என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தையும் இணைக்க வேண்டும்.

அப்பா கணக்கிலிருந்து பாதி, அம்மா கணக்கிலிருந்து பாதி என்று அனுப்ப நினைப்பவர்கள், பிளாக்டு அக்கவுன்ட் நடத்தும் நிறுவனம் அதை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அனுப்பியவருக்கும் பிள்ளைக்கும் என்ன உறவு, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்டுவதற்குக் காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது, வழியில் கரையும் பணம். இங்கிருந்து போகும் தொகை இடையில் வேறொரு வங்கியைத் தொட்டுப் போகலாம். அந்த வங்கி தன் பங்குக்குச் சில யூரோவை எடுத்துக்கொள்ளும். 11,904 அனுப்பி 11,890 போய்ச் சேர்ந்தால், தொகை முழுமையாக இல்லை என்று விசாவுக்கான உறுதிச் சான்று வராது. எல்லா வங்கிகளின் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் முறை ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக அனுப்புவது இன்னும் பாதுகாப்பு.

யூரோவின் விலையையும் இரண்டு மூன்று இடங்களில் விசாரிக்க வேண்டும். யூரோவுக்கு ஒரே ஒரு ரூபாய் கூடுதல் என்றாலும் மொத்தத்தில் 11,904 ரூபாய் வித்தியாசம்.

வீடு கிடைத்தால்தான் கணக்கு

போய் இறங்கியதும் இன்னொரு கணக்கு வேண்டும். மாதாமாதம் 992 யூரோ வந்து விழ, வாடகை கட்ட, சம்பளம் வாங்க ஒரு சாதாரணக் கணக்கு. ஜிரோகொன்டோ என்பார்கள். பெரும்பாலான வங்கிகள் அதற்குப் பதிந்த விலாசத்தைக் கேட்கும். வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். அன்மெல்டுங் என்று பெயர். அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட சான்று தேவை. வீட்டுக்காரரோ முதலில் அட்வான்ஸ் பணத்தைக் கேட்பார். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

இதில் பிள்ளைகளுக்கு உதவும் சட்டம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் ஓர் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை உண்டு. ஜெர்மனியில் 2016 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் இதன் பெயர் பாஸிஸ்கொன்டோ. நிரந்தர விலாசம் இல்லாதவர்களும் கேட்கலாம். முறையான விண்ணப்பம் கொடுத்தால் 10 வேலை நாளுக்குள் வங்கி கணக்கு தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை வைத்துக்கொண்டு ‘பாஃபின்’ என்ற நிதிக் கண்காணிப்பு அமைப்பிடம் முறையிடலாம். மாதக் கட்டணம் இருக்கும். ஆனால் வாசலிலேயே திருப்பி அனுப்ப முடியாது.

முதல் இரண்டு மாதம்

விலாசம் பதிந்து, கணக்கு திறந்து, முதல் 992 யூரோ வரச் சில வாரங்கள் ஆகலாம். செலவு அதற்காகக் காத்திருக்காது. வீட்டு அட்வான்ஸ் மட்டும் மூன்று மாத வாடகை வரை கேட்கலாம் என்பது அங்கே சட்டம். அதை மூன்று தவணையாகக் கட்டும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் ஏறக்குறைய 150 யூரோ போகும். வீட்டுக்கு 18.36 யூரோ வீதம் ரேடியோ-டிவி கட்டணம் என்று ஒரு கடிதம் வரும். வீட்டில் டிவியே இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். ஆகவே பிளாக்டு அக்கவுன்ட் பணத்தைக் கணக்கில் சேர்க்காமல், இரண்டு மாதச் செலவுக்கான தொகையை ஃபாரெக்ஸ் கார்டிலும் கொஞ்சம் ரொக்கத்திலும் தனியாகக் கொடுத்தனுப்ப வேண்டும்.

இங்கே இருக்கும் கணக்கு

விமானம் ஏறியதும் பிள்ளை இந்தியாவிலும் ‘வெளிநாட்டில் வசிப்பவர்’ ஆகிவிடுகிறார். படிக்கப் போகும் மாணவர்களும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி என்.ஆர்.ஐ.தான் என்று 2003-லேயே ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்திவிட்டது. அதனால் கல்லூரி நாளில் திறந்த சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும்.

வருமான வரிச் சட்டத்தின் கணக்கு வேறு. செப்டம்பரில் புறப்படும் மாணவர் அந்த நிதியாண்டில் பெரும்பாலும் இந்தியாவில் வசித்தவராகவே கருதப்படுவார். அப்படியானால், வருமானமே இல்லாவிட்டாலும், வெளிநாட்டில் கணக்கு இருப்பதற்காகவே வரிக் கணக்கு தாக்கல் செய்து, வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் பிளாக்டு அக்கவுன்ட்டைக் காட்ட வேண்டியிருக்கும். புறப்படும் முன் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டால் பின்னால் நோட்டீஸுக்குப் பயப்பட வேண்டாம்.

சின்ன விஷயம், ஆனால் பலர் மாட்டிக்கொள்வது: வங்கியின் ஓ.டி.பி. வரும் இந்திய சிம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் போய்விடும். கூடவே இங்குள்ள கணக்கும் பூட்டிக்கொள்ளும்.

கணக்கு யாருடையது?

அவசரத்தில் இருக்கும் குடும்பங்களைத் தேடி ஏஜென்ட்டுகள் வருவார்கள். “பணம் நாங்கள் போட்டுக் காட்டுகிறோம், வட்டி மட்டும் கொடுங்கள், பாஸ்வேர்டு எங்களிடம் இருக்கட்டும்” என்பார்கள். விசா வந்ததும் பணம் போய்விடும். வேற்றூரில் மாதம் 992 யூரோ இல்லாமல் பிள்ளை நிற்பார்.

அங்கே போன பிறகு வரும் ஆபத்து இதைவிடப் பெரியது. வாட்ஸ்அப்பில் பகுதிநேர வேலை என்று விளம்பரம் வரும். வங்கி ஆப்பைச் சோதித்துப் பார்க்கும் வேலை, கேமரா முன் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு கணக்கு திறந்தால் பணம் தருகிறோம் என்பார்கள். அல்லது, “உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் உனக்கு” என்று தெரிந்தவரே கேட்பார். வருவது யாரையோ ஏமாற்றிய பணமாக இருக்கும். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்மேல்தான் வழக்கு. பெரும் கவனக்குறைவால் உதவியிருந்தாலும் ஜெர்மன் சட்டப்படி அது பணமோசடிக் குற்றமாகலாம். படிப்பும் விசாவும் ஒரே நாளில் ஆட்டம் காணும்.

இத்தனை பாடுபட்டுத் திறந்த கணக்கின் பாஸ்வேர்டைத் தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சில பெற்றோருக்குத் தோன்றும். பணம் அவர்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்தது. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் கணக்குக்கு அங்கே பதில் சொல்ல வேண்டியவர் பிள்ளை. புறப்படுவதற்கு முன் ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து, 992 யூரோவில் வாடகை எவ்வளவு, காப்பீடு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று அவர் கையாலேயே கணக்கு எழுத வைப்பது, இங்கிருந்து பாஸ்வேர்டைக் காவல் காப்பதைவிடப் பணத்துக்கு நல்ல பாதுகாப்பு.