நட்சத்திரத்தை நம்பி நாயை விடலாமா?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் பெங்களூர்த் தமிழர்களுக்கு ரயில் டிக்கெட் கிடைப்பதே பெரிய கவலை. நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு அதோடு இன்னொரு கவலையும் சேர்ந்துவிட்டது. நாலு நாள் அதை யாரிடம் விட்டுப் போவது?

பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் குறைந்து வருகிறது. செல்போனில் தேடினால், நாயைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளவும், காலை மாலை நடக்கக் கூட்டிப்போகவும் ஆள் கிடைக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நட்சத்திரங்கள். ஐந்துக்கு ஐந்து, குறைந்தால் நாலரை. எல்லோருக்கும் முதல் மார்க் என்றால் அந்த மார்க்குக்கு என்ன மதிப்பு?

ஓட்டலில் சாப்பிட்டவர் ருசியைச் சொல்லலாம். ஆட்டோவில் போனவர் டிரைவரைப் பற்றிச் சொல்லலாம். இங்கே கவனிப்பைப் பெறுவதோ வாயில்லா ஜீவன். மார்க் போடுகிறவர் அந்த நாலு நாளும் மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருந்தவர். வேளைக்குச் சோறு வைத்தார்களா, கூண்டிலேயே அடைத்துப் போட்டார்களா என்பது அவருக்குத் தெரியாது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார். கோளாறு இங்கேதான் ஆரம்பமாகிறது.

அடுத்த கோளாறு தயவு தாட்சண்யம். வேலை செய்தவரும் வாடிக்கையாளருக்கு மார்க் போடும் முறை இருந்தால், நாம் குறைத்தால் அவரும் குறைப்பார் என்று இருவருமே தாராளமாகப் போட்டுவிடுவார்கள். வீடுகளைத் தங்கக் கொடுக்கும் ஏர்பிஎன்பி நிறுவனம் இதற்கு 2014-ல் ஒரு வழி கண்டது. இருவரும் எழுதி முடிக்கும் வரை, அல்லது கெடு தீரும் வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனங்களும் இதைச் செய்யத் தடை எதுவும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. விற்பவரே வாடிக்கையாளர் போல நடித்துப் பாராட்டு எழுதக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இணையத்தில் வரும் கருத்துகளுக்கென்றே இந்திய தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று பார்க்க வேண்டும், வெளியிடுவதில் பாரபட்சம் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் வெளியிட்டபோது அதைக் கட்டாயமாக்கவில்லை. விருப்பப்பட்டவர் பின்பற்றலாம் என்றால், தவறு செய்கிறவர் எதற்காக விருப்பப்படுவார்?

உழைப்பவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிழைக்க வந்த ஊரில் நாலைந்து வீட்டு நாய்களை நடக்கக் கூட்டிப்போய்ச் சம்பாதிக்கும் இளைஞருக்கு நட்சத்திரம்தான் சோறு. லிப்ட் பழுதாகிப் பத்து நிமிடம் தாமதமானதற்கு ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டால், அவருக்கு அடுத்த வேலை வராமல் போகலாம். காரணத்தை எழுத்தில் சொல்லி, 14 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் தொழிலாளியை நீக்கக் கூடாது என்கிறது, செயலி வழி வேலை செய்வோருக்காகக் கர்நாடகம் 2025-ல் கொண்டுவந்த சட்டம். அந்த நியாயம் பிராணிகளைப் பராமரிப்பவருக்கும் கிடைக்க வேண்டும். குறை சொன்னவருக்குப் பதில் சொல்லும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

நட்சத்திரத்தைவிட விவரம் பெரிது. ஒரே நேரத்தில் எத்தனை பிராணிகளை வைத்துக்கொள்கிறார்? காயம், ஓட்டம், சாவு என்று இதுவரை நடந்தவை எத்தனை? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை விட்டவர்களில் எத்தனை பேர் மறுமுறையும் விட்டார்கள்? இவற்றை நிறுவனங்கள் மறைக்காமல் வெளியிட வேண்டும். திரும்பி வந்த வாடிக்கையாளர் கணக்கில் பொய் நுழைவது கடினம்.

நாயை வளர்ப்பவருக்கும் கடமை உண்டு. விடுவதற்கு முன் இடத்தை நேரில் பார்ப்பது நல்லது. பண்டிகைக்கு முன்பே ஒரு நாள் விட்டுப் பார்ப்பது அதைவிட நல்லது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் நாயை வாங்கிக்கொள்ளும் இடம், மற்ற நாய்களுக்கும் அதைக் கேட்டிருக்காது. அந்த இடத்துக்கு எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் திரும்பிவிட வேண்டியதுதான். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம்.

1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். பட்டினி போட்டவரை அந்தத் தொகை பயமுறுத்தாது. உண்மையான மதிப்பெண் பயமுறுத்தும். அதை உண்மையாக்க, ஐ.எஸ். 19000 ஏட்டளவில் நின்றால் போதாது. எல்லா நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்த வேண்டும். மத்திய அரசு அதைச் செய்ய வேண்டும்.