படம் பாக்கெட்டுல... பீடி சில்லறையில! யாருக்கு போகுது எச்சரிக்கை?

கலசப்பாக்கம்:

புகை பிடித்தால் புற்றுநோய் வரும் என்று தெரியாதவர் இல்லை. தியேட்டரில் படம் போடும் முன்பே சொல்லி விடுகிறார்கள். அப்புறமும் ஏன் விடியற்காலையிலேயே டீக்கடை வாசலில் புகை மூட்டம்?

பாக்கெட்டில் எச்சரிக்கை படம் 2009-ம் ஆண்டு மே 31 முதல் கட்டாயம். 2016 ஏப்ரல் முதல் இரண்டு பக்கமும் 85 சதவீத இடம் எச்சரிக்கைக்கே. 2018 செப்டம்பர் முதல் விட நினைப்பவர்களுக்காக 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணும் அச்சாகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கலசப்பாக்கம், ஆரணி பக்கம் தறியில் இருந்து எழுந்து வருபவரும், கொத்து வேலைக்கு போகிறவரும் பாக்கெட்டாகவா வாங்குகிறார்கள்? "அண்ணே, ஒரு பில்டர் குடு" என்பதோடு சரி. பாக்கெட் கடைக்காரரிடமே இருக்கிறது. தினமும் அந்த படத்தை பார்ப்பவர் அவர்தான். பாவம், அவர் பீடி கூட குடிக்காதவராக இருப்பார்!

இதனால்தான் மகாராஷ்டிராவில் 2020 செப்டம்பரில் சில்லறையாக விற்கவே தடை போட்டார்கள்.

பீடி விஷயம் இன்னும் மோசம். "இலைதானேப்பா, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தப்பு. அந்த இலை வழியாக காற்று லேசில் போகாது. அணையாமல் இருக்க அடிக்கடி, இழுத்து இழுத்து குடிக்கணும். நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு எதுவும் சிகரெட்டை விட குறைவாக உள்ளே போவதில்லை. காசநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. இதை பீடி குடிப்பவரிடம் யார் சொன்னார்கள்?

20 வருடம் கழித்து வரப்போகும் கேன்சரை காட்டினால் கூலி வேலை செய்பவர் பயப்பட மாட்டார். பர்வதமலை பாதி ஏறும்போதே மூச்சு வாங்குதே, அது எதனால் என்று கேளுங்கள், யோசிப்பார். விட்டு ஒரு வருடத்தில் மாரடைப்பு ஆபத்து, தொடர்ந்து குடிப்பவரை விட பாதியாக குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த நல்ல சேதி எந்த பாக்கெட்டிலும் இல்லை.

அரசாங்கமும் ஒரே மாதிரி பேசுவதில்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் சிகரெட் வரியை 40 சதவீதமாக உயர்த்த முடிவு செய்தது. அதே கூட்டத்தில் பீடிக்கு 28-ல் இருந்து 18 ஆக குறைத்தது. பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் குடிக்கிறவர் காதில் என்ன விழும்? "பீடி பரவாயில்ல போல" என்றுதான்.

ஒவ்வொரு டீக்கடையிலும் கயிற்றில் ஒரு லைட்டர் தொங்குகிறது. சில்லறையில் வாங்குபவர் கட்டாயம் கை வைக்கும் இடம் அது. 1800-11-2356 என்று எழுதி ஒரு அட்டையை அந்த கயிற்றில் கட்ட சுகாதாரத்துறைக்கு என்ன செலவாகிவிடும்?